அடுத்த நோய் வருமுன் தெருவாரியாக ஒரு நோட்டு: சேகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகர மன்றங்களின், அதாவது ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளை நடத்தும் மன்றங்களின், தலைவர்கள், செயலர்கள், பொருளாளர்கள், உறுப்பினர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அனைவருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

2020 மார்ச் 25-ல் கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 உயிர்த்தெழுந்த திருநாள் மூன்றும் ஆலயக் கதவு பூட்டியபடியே கழிந்தன. பெரிய ஆலயங்கள் திறக்கச் செப்டம்பர் ஆயிற்று. 2021 ஏப்ரல் 26-ல் மறுபடி மூடினார்கள். மே 10-ல் மறுபடி முழு ஊரடங்கு. அந்த இரண்டு ஆண்டிலும் நம் சபைகள் சும்மா இருக்கவில்லை. அரிசி கொடுத்தோம், சோறு கட்டினோம், மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், இறந்தவர்களைப் புதைத்தோம். ஆனால் எல்லாமே தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு செய்தவை. யார் வீட்டில் என்ன தேவை என்று தெரியாமலேயே செய்தோம். அதனால் ஒரே வீட்டுக்கு நான்கு மூட்டை அரிசி போனது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அடுப்பே எரியவில்லை.

ஆகவே இந்த மடலில் நாங்கள் கேட்பது முக்கியமாக ஒன்றுதான். நோய் இல்லாத இந்த நாட்களிலேயே ஒவ்வொரு சேகரமும் தெருவாரியாக ஒரு நோட்டு போட வேண்டும். மற்ற எல்லா வேலையும் அந்த நோட்டிலிருந்துதான் பிறக்கும்.

"நம்மிடம் ஏற்கெனவே பதிவேடு இருக்கிறதே" என்று சொல்வீர்கள். சங்கக் காணிக்கை ஏடு இருக்கிறது. அதில் காணிக்கை கட்டும் குடும்பத் தலைவர்களின் பெயர் இருக்கிறது. கட்ட முடியாமல் இரண்டு வருடமாக நின்றுபோனவர் பெயர் அதில் கடைசிப் பக்கத்தில் கிடக்கும், அல்லது கிடக்காது. ஆலயத்துக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கும் இந்துக் குடும்பமோ, பின்தெரு இஸ்லாமியக் குடும்பமோ, தகரக் கொட்டகையில் தங்கிக் கட்டட வேலை பார்க்கும் பீகார், ஒடிசா இளைஞர்களோ அதில் வரவே மாட்டார்கள். காணிக்கை ஏட்டை வைத்து உதவி செய்தால், அதிகம் தேவைப்படுகிறவரே முதலில் விடுபட்டுப் போவார். 2020-ல் பல ஊர்களில் நடந்த பிசகு இதுதான்.

அதனால் நோட்டை ஆள்வாரியாக எழுதாமல் வாசல்வாரியாக எழுதுங்கள். தெருவின் ஒரு முனையில் தொடங்கி, வலது கைப் பக்கம் எல்லா வாசலும், பிறகு இடது பக்கம் எல்லா வாசலும். மதம், சபை எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வாசலுக்கு ஒரு வரி. எத்தனை பேர், அறுபது வயது தாண்டியவர் யார், கைக்குழந்தை, கர்ப்பிணி உண்டா, வருமானம் மாதச் சம்பளமா அன்றாடக் கூலியா, ரேஷன் அட்டை இந்த ஊரில் இருக்கிறதா, அடுப்பு கேஸா விறகா, போன் எந்த வகை, மாதாமாதம் மருந்து வாங்குகிறவர் உண்டா, எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை. நோயின் பெயரை எழுதாதீர்கள். காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் ஊருக்குள் இருக்கிறார்கள். "செவ்வாய், பெரியாஸ்பத்திரி, மாத மருந்து" என்று எழுதினால் நம் வேலைக்குப் போதும். நோட்டு இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த முறை எந்த வீட்டுக்காரரும் வாய் திறக்க மாட்டார்.

பதினைந்து வாசலுக்கு ஒரு பொறுப்பாளர். முந்நூறு வாசல் உள்ள ஊருக்கு இருபது பேர் வேண்டும். அதற்கு மேல் ஐந்து பேரை மாற்றாளாக எழுதி வையுங்கள், ஏனென்றால் பொறுப்பாளர்களுக்கும் நோய் வரும். அறுபது தாண்டியவர்களை வெளியே அனுப்பாமல் போன் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குத்தான் ஊரில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

அடுத்து, கொடுக்கிற பொருள். ஊரடங்கு என்றதும் எல்லார் கையும் அரிசி மூட்டைக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு ரேஷனில் அரிசி இலவசம். 2020-ல் மத்திய அரசின் கூடுதல் அரிசியும் சேர்ந்து வந்தது. அதற்கு மேல் நாமும் அரிசி கொடுத்தால் அந்த வீட்டில் அரிசி குவியும். எண்ணெய் இருக்காது, புளி இருக்காது, சிலிண்டர் வாங்கக் காசு இருக்காது. கடைசியில் அந்த அரிசியை அரை விலைக்கு விற்றுத்தான் மிளகாய் வத்தல் வாங்குவார்கள். அது அவர்கள் தப்பு ஆகாது; நாம் யோசிக்காமல் கட்டிய பையின் தப்பு. ரேஷன் பருப்பு மாதம் ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு அது பாதி மாதம் தாண்டாது.

நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு வாரத்துக்கு இப்படிக் கட்டலாம்: துவரம் பருப்பு 1½ கிலோ, உளுந்து ½ கிலோ, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ 1 லிட்டர், புளி ½ கிலோ, மிளகாய் வத்தல் 200 கிராம், மல்லித்தூள் 250 கிராம், ரவை 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, தேயிலை 200 கிராம், உப்பு 1 கிலோ, பல்லாரி (பெரிய வெங்காயம்) 2 கிலோ, உருளைக்கிழங்கு 1 கிலோ, முட்டை ஒரு டஜன், குளியல் சோப்பு 2, துணி சோப்பு 2, நாப்கின் 2 பாக்கெட். நாப்கினைப் பட்டியல் போடும்போது ஆண்கள் விட்டுவிடுவார்கள், பெண்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஆகவே பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பெண்கள் ஐக்கிய சங்கமே தீர்மானிக்கட்டும். இதோடு ஒரு உறையில் ஐந்நூறு ரூபாய். பணமாகக் கொடுத்தால் குடிப்பார்கள் என்று மன்றத்தில் யாராவது சொல்வார்கள். வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள். கேஸுக்கும் மாத்திரைக்கும் போன் ரீசார்ஜுக்கும் வேறு வழியே கிடையாது.

ரேஷன் அட்டை இங்கே இல்லாத வெளிமாநிலத் தொழிலாளிக்குப் பை வேறு: அவருக்கு அரிசி, கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து சமைப்பதால் ஒரு கொட்டகைக்கு ஒரு மூட்டையாகக் கட்டினால் போதும்.

யாருக்கு முதலில்? நம் பக்கத்து வேலைகளை நினைத்துப் பாருங்கள். பீடிக் கடை மூடினால் இலையும் தூளும் வராது, பெண்களுக்கு வாரக்கூலி நின்றுவிடும். உப்பளத்தில் நாள்கூலி. பனையேறிக்கு மாசி, பங்குனி தொடங்கித்தான் பதநீர்க் காலம். 2020 ஊரடங்கு சரியாக அந்த நேரத்தில் விழுந்தது, கருப்பட்டி சந்தைக்குப் போகவில்லை. இவர்கள் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவர்கள் தனி: சம்பளம் நின்றுபோன தனியார் பள்ளி ஆசிரியை, கல்யாண போட்டோக்காரர், பேண்டு செட்டுக்காரர், தையல்காரர், ஆட்டோ கடனில் ஓட்டுகிறவர். இவர்கள் வரிசையில் வந்து நிற்க மாட்டார்கள். நேற்றுவரை மற்றவருக்குக் கொடுத்த கை அது. இருட்டிய பிறகு வாசலில் பையை வைத்துவிட்டு, போனில் "வாசலைப் பாருங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பை கொடுக்கும் போட்டோ வேண்டவே வேண்டாம். கணக்குக்கு ரசீது போதும், முகம் வேண்டாம்.

சோற்றுப் பொட்டலம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) ஆயிரக்கணக்கானோருக்கு வடித்துப் பழகிய சபைகள் நாம். அண்டா, கிடாரம், சிப்பல், கரண்டி எல்லாம் ஆலய அறையிலேயே இருக்கின்றன. ஆனால் அசனப் பழக்கம் இங்கே ஒரு விதத்தில் ஏமாற்றும். அசனத்தில் சோறு சூடாக இலையில் விழுந்து அரை மணியில் முடிந்துவிடும். பொட்டலமோ அடுப்பிலிருந்து இறங்கி மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் வாய்க்குப் போகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்த நேரம் போதும் கெடுவதற்கு. சோறும் சாம்பாரும் தனித்தனிக் கவரில் கட்டினால் சாம்பார் ஒழுகும். பாதி வழியில் வண்டி பூரா நனையும். சாம்பார் சாதம், தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை இவை நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னி கூடாது, முதலில் கெடுவது அதுதான். தயிர்ச் சாதமும் கோடையில் வேண்டாம். தொட்டுக்கொள்ள ஊறுகாயும் அவித்த முட்டையும் போதும். முட்டையை ஓட்டோடு கொடுங்கள்.

200 பொட்டலம் சாம்பார் சாதத்துக்கு அரிசி 20 கிலோ, துவரம் பருப்பு 6 கிலோ, காய் 10 கிலோ. ஒரு பொட்டலம் அரைக் கிலோ சுமார் வரும். காலை ஆறு மணிக்கு அடுப்பு, ஒன்பதரைக்கு இறக்கம், பதினொன்றரைக்கு வண்டி, ஒரு மணிக்கு விநியோகம் முடிய வேண்டும். கொதிக்கக் கொதிக்க இலையில் கட்டினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி இலை அவிந்து வாடை அடிக்கும். அகன்ற தாம்பாளத்தில் பரப்பி இருபது நிமிடம் ஆவி போக விட்டுக் கட்டுங்கள். ஆனால் கட்டாமல் வெதுவெதுப்பாகக் கிடக்க விடாதீர்கள், அந்தச் சூட்டில்தான் கிருமி பெருகும். மீந்ததை இரவுக்கு வைக்கக் கூடாது. சோற்றில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது.

இரண்டு சமையல்காரர், காய் நறுக்க நான்கு பேர், கட்ட ஆறு பேர். அதற்கு மேல் ஆள் சேர்க்க வேண்டாம். ஆர்வத்தில் இருபது பேர் வந்து நிற்கிற சமையல் கூடமே நோய் பரவும் இடமாகிவிடும். குறிப்பாக டீ இடைவேளை. முகக்கவசம் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் கவனமாக வேலை பார்த்துவிட்டு, அதைக் கழற்றிச் சுற்றி நின்று பத்து நிமிடம் பேசினால் மூன்று மணி நேரக் கவனமும் வீண். டீயை வெளியே மரத்தடியில் இரண்டிரண்டு பேராகக் குடிக்கச் சொல்லுங்கள்.

பொருள் கொடுப்பதைவிட உயிர் காத்த வேலை போன் வேலை. நோய் கண்டு வீட்டில் தனித்திருப்பவருக்குக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை போன். நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல் எழுதி வைக்க வேண்டும்: அறிகுறி தொடங்கி இன்று எத்தனையாவது நாள், காய்ச்சல் எவ்வளவு, விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜனைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் எத்தனை, சாப்பிட்டாரா, சிறுநீர் போனதா, வழக்கமான சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்கு வந்திருக்கிறது. நாளை எண்ணுவது மிக முக்கியம். கொரோனாவில் முதல் நான்கு நாள் காய்ச்சலோடு நடமாடிவிட்டு, ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள் திடீரென்று சரிந்தவர்கள் நிறைய. "இப்போ தேவலை" என்று ஆறாம் நாள் சொல்வதை அப்படியே நம்பிப் போனை வைத்துவிடக் கூடாது.

ஆக்ஸிமீட்டர் ஒரு சேகரத்துக்கு பத்து இருந்தால் சுற்றிச் சுற்றிக் கொடுக்கலாம். நகப்பூச்சு இருந்தால் துடைக்க வேண்டும். விரல் ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்ட வேண்டும். மாட்டி ஒரு நிமிடம் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டுவதுண்டு. ஆகவே நம் ஆட்களுக்கு 95 என்று காட்டினால் நிம்மதி அடையாமல், ஆறு நிமிடம் அறைக்குள் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். நடந்தபின் மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ, 94-க்குக் கீழே வந்தாலோ, பேசும்போது மூச்சு வாங்கினாலோ 108. சந்தேகம் கேட்க 104. காத்திருந்து விடியட்டும் என்று நினைத்த இரவுகளில்தான் பலர் போனார்கள். கருவியைத் திரும்ப வாங்கியதும் துடைத்து, பேட்டரியைக் கழற்றி வையுங்கள். 2021-ல் வாங்கிய பல கருவிகள் இன்று பேட்டரி ஒழுகித் துருப்பிடித்து அலமாரியில் கிடக்கின்றன.

ஸ்டெராய்டு மாத்திரையை யாருடைய பழைய சீட்டைப் பார்த்தும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆக்ஸிஜன் தேவைப்படும் நிலையில் மருத்துவர் கொடுத்தால் அது உயிர் காக்கும். முதல் நாட்களில் தானாக விழுங்கினால் கெடுதல் செய்யும், சர்க்கரையை ஏற்றும். 2021-ல் கறுப்புப் பூஞ்சை வந்ததற்கு ஏறிய சர்க்கரையும் கணக்கில்லாத ஸ்டெராய்டும் முக்கியக் காரணம். கூட்டமாக ஆவி பிடிக்கும் ஏற்பாடும் வேண்டாம்; ஒரே குழாயில் ஊர் பூரா முகம் நீட்டினால் என்ன ஆகும்?

ஆக்ஸிஜன் செறிவூட்டி (காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) வாங்கிய சபைகளுக்கு: ஐந்து லிட்டர் கருவி படுக்கை கிடைக்கும்வரை தாங்கிப் பிடிப்பதற்கு மட்டுமே. ஆஸ்பத்திரிக்கு அது மாற்று கிடையாது. மின்சாரம் போனால் நின்றுவிடும். ஆகவே கூடவே ஒரு சிறிய பி வகை சிலிண்டர் வேண்டும். அதில் சுமார் 1500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 5 லிட்டர் வைத்தால் ஐந்து மணி நேரம். ஈரப்பதக் குப்பியில் காய்ச்சி ஆறின தண்ணீர், இரண்டு கோட்டுக்கு நடுவே. குப்பியில் குமிழி வரவில்லை என்றால் மூடி மரை ஒழுங்காக ஏறவில்லை, காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். கருவி கெட்டுவிட்டது என்று பதறி நேரத்தைத் தொலைக்காதீர்கள். நோயாளி தலைமாட்டில் ஜெபத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவது நம் வழக்கம். ஆக்ஸிஜன் ஓடுகிற அறையில் மெழுகுவத்தியும் கூடாது, ஊதுவத்தியும் கூடாது. ரெகுலேட்டர் மரையில் எண்ணெய் தடவவே கூடாது.

ஆராதனை பற்றி. 2020 மார்ச் 10-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மவுண்ட் வெர்னனில் ஓர் ஆலயக் கூடத்தில் பாடகர் குழு ஒத்திகை இரண்டரை மணி நேரம் நடந்தது. வந்தவர் 61 பேர். ஒருவருக்கு மட்டும் அறிகுறி இருந்தது. பிறகு 53 பேருக்கு நோய் வந்ததாகக் கணக்கிட்டார்கள், இருவர் இறந்தார்கள். கைகுலுக்காமல், சானிடைசர் போட்டுக்கொண்டே நடந்த ஒத்திகை அது. பாடும்போது வாயிலிருந்து வரும் நுண்துளி மூடிய அறையின் காற்றில் மிதக்கிறது என்பதே காரணம். தரையைப் பிளீச்சிங் போட்டுத் துடைத்துவிட்டுக் கதவையெல்லாம் சாத்திப் பாடினால் பாதுகாப்பு இல்லை. பழைய ஆலயங்களுக்கு உயரமான கூரையும் இரண்டு பக்கமும் சன்னலும் இருக்கின்றன. அது பெரிய வரம். சன்னலை அடைத்து ஏசி போட்ட ஆலயங்கள் நோய்க்காலத்தில் ஏசியை நிறுத்தி எல்லாவற்றையும் திறக்க வேண்டும். திறக்கவே முடியாத கண்ணாடியாக வைத்திருந்தால் இப்போதே தச்சரைக் கூப்பிடுங்கள். கூட்டத்தை மைதானத்துக்கோ மாமரத்தடிக்கோ மாற்றுவது எல்லாவற்றிலும் எளிது. பாடகர் குழுவில் நான்கு பேர் போதும், பத்தடி தள்ளி.

திருவிருந்தில் ஒரே கிண்ணம் வேண்டாம் என்பதை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்ப்பது பாதுகாப்பு என்று நினைப்பதுதான் தவறு. ஐம்பது பேர் விரல் நுனி ஒரே கிண்ணத்தில் படுகிறது. தனித்தனிச் சிறு கிண்ணங்களை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். காணிக்கைப் பையைக் கை மாற்றாமல் வாசலில் பெட்டியாக வையுங்கள். யூடியூப் ஆராதனை நல்லதுதான், ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அது எட்டாது. அவருக்கு ஞாயிறு காலை கான்பரன்ஸ் கால், அல்லது வாசலில் ஒரு அச்சிட்ட ஆராதனை முறைமை.

கிருமிநாசினி அளவு பலருக்குத் தெரியாததால் ஒரு வரி: புதிய பிளீச்சிங் பவுடர் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் என்றால் சுமார் ஒரு சதவீதக் கரைசல். தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள், அன்றன்றைக்குத் தயாரியுங்கள், ஆசிட்டோடு கலந்தால் நச்சு வாயு வரும், மனிதர் மேல் தெளிக்கவே கூடாது.

இனி, அடக்கம். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஊர்க்கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ஊழியம் செய்து உயிர்விட்டவருக்கு ஆறடி நிலம் மறுக்கப்பட்டது. இறந்த உடலைச் சரியாகப் பையில் கட்டிப் புதைத்தால் சுற்றி வசிப்பவருக்கு நோய் வராது என்பது தெரியாததால் வந்த கொடுமை அது. ஆகவே கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வசிக்கும் குடும்பங்களோடு இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். நோய் வந்த பிறகு பேசினால் பயம்தான் பேசும். எந்தத் தொற்றுநோயில் இறந்தாலும் நம் கல்லறையில் இடமுண்டு என்று மன்றத்தில் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றுக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. அந்த வீட்டார் பிணத்தோடு தெருவில் நிற்கும்போது உறுப்பினர் சீட்டுக் கேட்கக் கூடாது. அதையும் அந்தத் தீர்மானத்திலேயே சேருங்கள்.

2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலே, உடலைத் தொடாமல் செய்யும் வேத வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் இடம் கொடுத்தது. பையின் முகப்பைத் திறந்து கடைசியாக முகம் பார்க்கவும் அனுமதித்தது. குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, கட்டிப்பிடிப்பது மட்டும் கூடாது என்றது. இது தெரியாமல் முகம்கூடக் காட்டாமல் புதைத்த இடங்கள் உண்டு. அந்த வீட்டாரின் மனம் இன்னும் ஆறவில்லை.

எட்டுப் பேர் குழு போதும்: தூக்கி இறக்க ஆறு பேர், கிருமிநாசினிக் கரைசல் தெளிக்க ஒருவர், எதையும் தொடாமல் தள்ளி நின்று வழி சொல்ல ஒருவர். குழி வழக்கத்தைவிட அரையடி அகலமாக வேண்டும், பையோடு பெட்டி பெரிதாக இருக்கும். சாத்தான்குளம், நாசரேத் பக்கம் போலத் தேரி மணல் (உதிரும் செம்மணல்) உள்ள ஊர்களில் குழியின் விளிம்பு ஆறு பேர் பாரத்தில் சரிந்துவிடும். எட்டடிப் பலகை இரண்டை இரு பக்கமும் போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். கயிறு மூன்று: தோள், இடுப்பு, முழங்கால் அடியில், ஒவ்வொன்றும் இருபதடி, கயிற்றுக்கு இருவர். நைலான் கயிறு ரப்பர் கையுறையில் வழுக்கும், பருத்தி வடம்தான் சரி. உச்சி வெயிலில் கவச உடை போட்டு இருபது நிமிடம் தாண்டினால் தலை சுற்றும். விடிகாலையிலோ ஐந்து மணிக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள், போடுவதற்கு முன் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள்.

போடும்போது எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள், தொற்றுவது கழற்றும்போது. முதலில் வெளிக் கையுறை, பிறகு உடையை உள்பக்கம் வெளியே வரும்படி தோளிலிருந்து சுருட்டிக் கால்வரை, பிறகு கண்ணாடி, கடைசியாக முகக்கவசம். ஒவ்வொரு படிக்கும் நடுவில் கை சுத்தம். களைப்பில் முகக்கவசத்தை முதலில் இழுத்துக் கழற்றுகிறவர்கள்தான் அதிகம். தள்ளி நிற்கும் எட்டாவது ஆளின் வேலையே அதைத் தடுப்பது. வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோவில் காட்ட ஒரு போனை ஸ்டாண்டில் முன்பே நிறுத்துங்கள். தூக்கும் ஆளின் கையில் போன் வேண்டாம்.

பணம். கைப்பிடி அரிசி எடுத்து வைத்து ஊழியம் நடத்திய தாய்மார்களின் சபை இது. உள்ளூர்ப் பணமே பெரும்பாலும் போதும். வெளிநாட்டில் இருக்கும் சபையார் அனுப்ப விரும்பினால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அது புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள அதற்கான கணக்கு வழியாக மட்டுமே வரலாம்; வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. நல்ல எண்ணத்தில் பொருளாளரின் சொந்தக் கணக்கில் வாங்கிவிட்டு அவரை வழக்கில் மாட்டிவிடாதீர்கள். நிவாரணத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு, இரட்டைக் கையெழுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆலய வாசலில் கணக்கு.

நோய் அடங்கிய பிறகு வரும் வேலையைச் சபைகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும்; தாண்டினால் அலைச்சல். நம் அடக்கப் பதிவேட்டு நகல் அரசுச் சான்றுக்கு ஈடாகாது. தமிழ்நாடு அரசு 2021-ல் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தை பெயரில் ஐந்து லட்சம் வைப்புத் தொகையும், பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தையின் குடும்பத்துக்கு மூன்று லட்சமும் அறிவித்தது. கொரோனா மரணத்துக்கு ஐம்பதாயிரம் தனியாக வந்தது. இவற்றை வாங்கப் பரிசோதனைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, வாரிசுச் சான்று எல்லாம் வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாத விதவை தாலுகா அலுவலகத்துக்கு ஆறு தடவை நடப்பதற்குப் பதில், சபையில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் ஒரு தடவை கூடப் போனால் முடியும். அப்படிப்பட்டவர் நம் எல்லாச் சேகரத்திலும் இருக்கிறார். அவர் பெயரையும் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்த சேகர மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் மூன்றைச் சேர்க்கக் கேட்கிறோம்: தெருவாரி நோட்டு, கல்லறைத் தீர்மானம், நிவாரணத் தலைப்பு. நோட்டுக்கு இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றும் இரண்டு பேனாவும் போதும். ஒரு ஞாயிறு பிற்பகலில் இரண்டு தெரு முடியும். தொடங்கும்போது ஆலயத்தை ஒட்டிய தெருவை விட்டுவிட்டு, காணிக்கை ஏட்டில் ஒரு பெயர்கூட இல்லாத தெருவிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
நோய்க்கால ஆண்டுகளில் சமையல், மருந்து, போன், கணக்கு, அடக்கம் ஆகிய வேலைகளைப் பார்த்த சபையார்